ஆடிக் கூழும் கரி நுரையும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி மேலாளர் கேட்டார். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது ஆபத்து, அவன் நாலு வார்த்தையோடு நிறுத்தமாட்டான். பெட்டாலிங் ஜெயாவில் உங்களுக்குக் குளிரூட்டிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. தண்ணீரின் காரத்தை முள் காட்டிச் சொல்லும் கருவி இருக்கிறது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் போன வாரம் நான் வந்திருந்தபோது தொட்டியில் நுரை கொஞ்சம் மெலிந்தது. உடனே உங்களில் ஒருவர் ஓடிப்போய் மருந்துக் குழாயைத் திருகிவிட்டார். நுரை ஏன் மெலிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கை பரபரத்தது. விருந்தாளியாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கோபத்தை இப்போது எழுத்தில் தீர்த்துக்கொள்கிறேன்.

அளவுகளையெல்லாம் உங்கள் புத்தகம் சொல்லித் தரும். அந்தப் புத்தகத்தில் கூழைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அதனால் அதை நான் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் சுரங்கம் என்றாலே ஈயம்தான். சுற்றிலும் ஈயச் சுரங்கங்கள் இருக்க, நடுவில் எங்கள் கொட்டகை ஒன்று மட்டும் செம்பைத் தேடிக்கொண்டிருந்தது. பூச்சோங் பக்கம், ஓர் ஓடைக்கரையில், தகரக் கூரை போட்ட கொட்டகை. மலைச் சுரங்கத்திலிருந்து லோரியில் கல் வரும். அதை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, மரத்தொட்டியில் காற்றடித்து நுரைக்க வைப்போம். எண்ணெயும் மருந்தும் சரியாக விழுந்தால் செம்புக்கல் தூள் குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வரும், வெறும் மண் கீழே தங்கிவிடும். நுரையை வழித்துக் காயவைத்தால் அதுதான் சரக்கு.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் செம்புக்கல்லோடு, அதே கந்தகக் குடும்பத்தில் பிறந்த இரும்புக்கல்லும் வரும். பொன் மாதிரி மினுக்கும், காசுக்கு உதவாது. மேலே ஏறுவதில் மட்டும் அதற்கு அப்படி ஓர் ஆசை. அதைக் கீழேயே பிடித்து வைக்க ஒரு மருந்து வேண்டும். கொட்டகையில் அதற்கு நாங்கள் வைத்த பெயர் அமுக்கு மருந்து. சுண்ணாம்பும் கூடவே துளி சயனைடும் சேர்ந்ததுதான் அது. கூடினால் இரும்போடு செம்பும் அமுங்கிவிடும். குறைந்தால் இரும்பு ஏறிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்த சின்னச் சந்தில்தான் எங்கள் எல்லோருடைய பிழைப்பும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மருந்துக்குப் பொறுப்பு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். பெயரைச் சொல்லப் போவதில்லை, அவருக்குப் பிடிக்காது. எல்லோருக்கும் அவர் மருந்தையா. பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குப் பின்தெருதான் அவர் வீடு. காலையில் சுரங்க லோரியின் முன்னிருக்கையில் இருவரும் நெருக்கியடித்துக்கொண்டு போவோம். சயனைடுப் பெட்டியின் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும். வெற்றிலை போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் வருகிறவர்களை விரட்டி அடிப்பார். புளிப்பான எதையும் சயனைடின் பக்கத்தில் அண்டவிடமாட்டார். புளிப்பும் அதுவும் சேர்ந்து ஆவி கிளம்பினால் நிற்கிற ஆள் விழுவான் என்று சொல்லிச் சொல்லியே எங்களைப் பயத்தில் வளர்த்தார். அந்தப் பயத்துக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

இரண்டு கல்லும் போதாதென்று மூன்றாவதாக ஒரு சனியன் வந்து சேர்ந்தது. சுரங்கத்தில் ஆழமாகப் போகப்போக, கல்லோடு கரி கலந்த கறுப்புப் பாறையும் வரத் தொடங்கியது. கரித்தூளுக்கு மருந்தும் வேண்டாம், அழைப்பும் வேண்டாம். குமிழியைக் கண்டால் ஏறிக்கொள்ளும். சுண்ணாம்புக்கு மசியவில்லை, சயனைடையோ சட்டையே செய்யவில்லை. நுரை அடுப்புக்கரி கரைத்த மாதிரி வந்தது. சரக்கு வாங்கியவர்கள் மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

அது ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்து கிடந்த காலம். தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்து, கிள்ளான் தாண்டித் துறைமுகத்துக்கு லோரியில் கொண்டுபோய்க் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கொட்டகையையும் மூடுவதா வேண்டாமா என்று பார்க்க சிங்கப்பூரிலிருந்து பெரிய துரை வருவதாகச் செய்தி வந்தது. ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை காலையில். கொட்டகை மூடினால், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் கப்பல்தான்.

அஞ்சலையக்காவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். நுரை வழிக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. கணவர் மண்சரிவில் போய்விட்டார். ஒரே மகள் லயத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். டெங்கில் பக்கத்துத் தோட்டத்தில் தம்பி ஒருவன், முத்து. அவனுக்கு ஏற்கனவே ஊருக்குப் போகச் சொல்லி உத்தரவாகியிருந்தது. அவன் வந்து அக்காவையும் கூடவே கிளம்பச் சொன்னான். நான் அப்போது பக்கத்தில்தான் நின்றேன்.

"நான் எதுக்குடா வரணும்? அங்க எனக்கு யாரு இருக்கா? எம் மவ பொறந்தது இங்க, படிக்கிறது இங்க. அங்க போயி யாரு வீட்டு வாசல்ல நிக்கச் சொல்ற?"

"கொட்டகைய மூடிட்டா என்னாக்கா பண்ணுவ?"

"மூடட்டும், அப்பப் பாத்துக்கலாம். இப்ப நீ சாப்புட்டுப் போ."

குரல் கறாராக இருந்தாலும், தம்பி போன பிறகு அவர் வழித்த இடத்தையே திரும்பத் திரும்ப வழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நானாவது பிரிக்பீல்ட்ஸில் அப்பாவின் ரயில்வே சம்பளத்தில் ஒண்டிக்கொள்வேன். அக்காவுக்கு அந்தக் கொட்டகைதான் எல்லாம்.

ஓடைக்கு மேல்பக்கம், ஒரு வேப்பமரத்தடியில், லயத்து ஆட்கள் கட்டிய சின்ன மாரியம்மன் கோயில் இருந்தது. ஆடி வெள்ளியில் அங்கே கூழ் ஊற்றுவார்கள். அந்த வருடம் கொட்டகை பிழைக்கவேண்டும் என்று அக்கா வேண்டிக்கொண்டு, லயத்துக்கு மட்டுமல்லாமல் சீனத் தொழிலாளர்கள் தங்கும் கங்சிக்கும் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துக்கும் சேர்த்துக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினார். வியாழக்கிழமையே காய்ச்சிப் புளிக்க வைத்து, வெள்ளி காலையில் மோரும் வெங்காயமும் போட்டுக் கரைத்து அண்டா அண்டாவாக வைத்திருந்தார்கள். சாமிக்குப் படைத்து முதல் வரிசைக்கு ஊற்றி முடிப்பதற்குள் வானம் பொத்துக்கொண்டது. வந்த கூட்டம் கலைந்து ஓடியது. பாதிக் கூழ்கூடச் செலவாகவில்லை.

அம்மனுக்குப் படைத்த கூழை மறுநாளைக்கு வைக்கக்கூடாது. காலில் மிதிபடும் இடத்திலும் கொட்டக்கூடாது. ஓடுகிற தண்ணீரில்தான் விடவேண்டும். அப்படித்தான் எல்லா வருடமும் செய்வார்கள். எல்லா வருடமும் மிஞ்சுவது ஒரு சட்டி. அந்த வருடம் அண்டாக்கள் மிஞ்சின. அந்த ஓடைதான் கொஞ்சம் கீழே போய் எங்கள் கொட்டகைக் குளத்தை நிரப்புகிறது என்பது யாருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை. மழைக்கு ஒதுங்கி நின்று கூழ் குடித்துக்கொண்டிருந்த எனக்கும் வரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் நுரை விழுந்தது. கொஞ்ச நஞ்சமல்ல, தொட்டி விளிம்பைத் தொடாமல் கீழேயே சோர்ந்து கிடந்தது. வழிக்கிற பெண்கள் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். மறுநாள் பெரிய துரை வருகிறார்.

கொட்டகையை நடத்திய வெள்ளைக்காரர், எங்கள் துரை, ஓடி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தால் கத்துவார். அவருக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் கத்தினார்.

"என்னா இது? நுரை எங்கே? மருந்து டபுள் போடு! சீக்கிரம் போடு!"

மருந்தையா என் பக்கம் குனிந்து சொன்னார். "தம்பி, கூட்டாதேயும். சயனைட் கூடிப்போச்சோ தெரியேல்ல. குறைச்சுப் பாரும்."

துரையின் காதில் விழுந்த அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. "சயனைட் கூடிப் போச்சா? யாரு போட்டது? நீதானே போட்டது!" என்று மருந்தையாவைப் பிடித்துக்கொண்டார். மருந்தையாவின் முகம் செத்துவிட்டது. ஆள்குறைப்பு நடக்கும் நேரத்தில் இப்படி ஒரு பேச்சு எழுந்தால் அது எங்கே போய் முடியும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

மருந்தை அளப்பது அவர், குழாய்க்குப் பொறுப்பாளன் நான். ஒரு காதில் கூட்டு என்கிறார்கள், மறு காதில் குறை என்கிறார்கள். சுற்றிலும் அத்தனை கண்கள். இந்த இடத்தில்தான் உங்களில் ஒருவர் குழாயைத் திருகினார். நான் என்ன செய்தேன் என்றால், எதையும் தொடவில்லை. புத்திசாலித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் போட்ட அதே கல், அதே அளவு, அதே ஆள். காலையில் சரியாக இருந்தது மத்தியானம் கெட்டதென்றால், நாங்கள் மாற்றாத ஏதோ ஒன்று தானாக மாறியிருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் நானும் ஒன்றை மாற்றினால் பிறகு இரண்டு குழப்பத்தில் எதை அவிழ்ப்பது? துரையிடம் போய், "சார், கல்லை நிறுத்துங்கள். எனக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள்" என்றேன். அவர் என்னை முறைத்துவிட்டு அரவையை நிறுத்தச் சொன்னார்.

ஆய்வறையில் கையால் சுற்றும் சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீரில் ஒரு தடவை, குளத்துத் தண்ணீரில் ஒரு தடவை, அதே தூளை அதே மருந்தோடு நுரைக்க வைத்தேன். மழைத்தண்ணீரில் வழக்கம் போலக் கறுத்த நுரை பொங்கி வந்தது. குளத்துத் தண்ணீரில் நுரை சோர்ந்து கிடந்தது. ஆக, மருந்தையாவின் அளவில் கோளாறில்லை. தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

குடையை எடுத்துக்கொண்டு ஓடையோரம் மேலே நடந்தேன். கோயிலுக்குக் கீழே தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கி, புளித்த வாடையோடு வந்தது. மீன்கள் அங்கே மொய்த்துக் கும்மாளம் போட்டன. கரையில் அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான் குடித்த கூழும் அதே அண்டாவில் காய்ச்சியதுதான்.

அக்கா அங்கேயே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மிச்சக் கூழ எங்க ஊத்துனீங்க?"

"ஓடற தண்ணியிலதான். வேற எங்க ஊத்துவாங்க, ஆளுங்க நடக்கற பாதையிலயா?"

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். ஏன் தம்பி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

சொன்னேன். அவர் தேங்காய் நாரைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொட்டகை பிழைக்கவேண்டும் என்று காய்ச்சிய கூழே கொட்டகையை முடக்கிவிட்டது என்பதை அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க போவோம். நானே தொரைகிட்டச் சொல்லிடறேன். மருந்தய்யா மேல எதுக்குப் பழி?"

துரைக்கு அந்தக் கோயில் மேல் முன்பே எரிச்சல். சுரங்க நிலத்தில், அதுவும் தண்ணீருக்கு மேல்பக்கம் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இதைச் சொன்னால் கோயில் போகும், முதல் கப்பலில் அக்காவும் போவார். சொல்லாவிட்டால் மருந்தையா போவார். மழையால் சேறு கலந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி எல்லோரையும் காப்பாற்றிவிடலாம் என்றும் தோன்றியது. நல்ல பொய், யாருக்கும் நட்டமில்லை. அந்தப் பொய்யை மனதில் தயார் செய்துகொண்டேதான், "கொஞ்சம் பொறுங்க அக்கா, மருந்தய்யாகிட்ட ஒரு வார்த்த பேசிட்டு வரேன்" என்று திரும்பி நடந்தேன்.

ஆய்வறையில் மருந்தையா கண்ணாடித் தொட்டியைக் கையில் தூக்கி, சன்னல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். குளத்துத் தண்ணீரில் நான் நுரைக்க வைத்தது.

"தம்பி, இங்க வாரும். இதை வடிவாப் பாத்தனீரோ?"

நான் பார்த்திருக்கவில்லை. நுரை சோர்ந்ததை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிட்டேன். அவர் காட்டிய பிறகுதான் தெரிந்தது. நுரை கொஞ்சமாகத்தான் இருந்தது, ஆனால் கறுப்பாக இல்லை. பித்தளையைத் துலக்கி வைத்த மாதிரி மஞ்சளாக மினுங்கியது. மாதக்கணக்கில் எங்களை வதைத்த கரியெல்லாம் அடியில் பேசாமல் படிந்து கிடந்தது.

"தண்ணிக்குள்ள என்ன கிடந்தது?" என்றார்.

"கூழ் ஐயா. ஆடிக் கூழ்."

"கூழோ? என்ர ஆய்வுகூடத்துக்கயோ? புளிச்ச கூழோ?" இடுப்புச் சாவியை ஒரு கை தொட்டுப் பார்த்தது. முதலில் சயனைடைத்தான் நினைத்தார். நல்ல வேளை, குளத்தில் கரைந்த அந்தப் புளிப்பு தொட்டியின் சுண்ணாம்புக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்தார், நீலம் மாறவில்லை. அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

கூழ் கெடுதல் செய்யவில்லை, அதிகமாகச் செய்துவிட்டது. அதுவும் ஓர் அமுக்கு மருந்துதான். கரியை அமுக்கிவிட்டு, கை நிற்காமல் செம்பையும் சேர்த்து அமுக்கிவிட்டது. அப்படியானால் அளவைக் குறைத்தால்? அக்காவைக் கூப்பிட்டனுப்பினோம். புளித்த கூழ் வேண்டவே வேண்டாம் என்று மருந்தையா கையெடுத்துக் கும்பிட்டார். நொய்யரிசியை இடித்துப் புதிதாகக் கஞ்சி காய்ச்சி, துணியில் வடிகட்டித் தரச் சொன்னோம். அக்காவுக்கு நாங்கள் இருவரும் பயத்தில் மூளை கலங்கிவிட்டோம் என்றே பட்டிருக்கும். ஆனாலும் காய்ச்சிக் கொடுத்தார்.

மழைத்தண்ணீரில் கஞ்சி விட்டுப் பார்த்தோம். ஒரு கரண்டிக்கு எல்லாமே அமுங்கியது. பாதிக்கும் அப்படித்தான். குறைத்துக்கொண்டே வந்து, சொட்டுக் கணக்கில் விட்டபோது, கரி கீழே நின்றது, செம்பு முழுசாக மேலே வந்தது. மஞ்சள் நுரை விளிம்பு தாண்டி வழிந்தது. "குறைச்சுப் பாரும்" என்று மருந்தையா சொன்னது கடைசியில் சரியாகத்தான் இருந்தது, மருந்துதான் வேறு. மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். அக்கா மட்டும், "இதுக்குத்தானா இம்புட்டுப் பாடு, நம்ம கஞ்சிதானே லா" என்றார்.

அப்போது என் பொய்யை நினைத்துப் பார்த்தேன். சேறு என்று சொல்லியிருந்தால் மறுநாள் ஓடை தெளிந்திருக்கும், நுரை மறுபடி கறுத்துப் பொங்கியிருக்கும், பெரிய துரை கறுப்பு நுரையைப் பார்த்துவிட்டுக் கொட்டகையைப் பூட்டியிருப்பார். பொய் அக்காவைக் காப்பாற்றியிருக்காது, வழியையும் அடைத்திருக்கும். இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். தொட்டி முன்னால் நிற்கும்போது இரக்கத்தில் சொல்லும் பொய்யும் பொய்தான்.

உண்மையைச் சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. கெட்ட செய்தியை மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் துரை அங்கேயே கோயிலை இடிக்க ஆள் அனுப்பியிருப்பார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே நாங்கள் மூன்று கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டோம். முதலாவதில் கறுப்பு நுரை, அடுத்ததில் சோர்ந்த நுரை, கடைசியில் மஞ்சள் நுரை. மருந்தையா பேசட்டும் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரையும் முந்திக்கொண்டு அக்கா பேசினார்.

"தொரே, தண்ணியக் கெடுத்தது நாந்தான். சாமி கூழு. அதுல கொஞ்சூண்டு விட்டா கரி போயிடுதாம். இவங்க ரெண்டு பேரும் கண்டுபுடிச்சாங்க. திட்டறதுன்னா என்னயத் திட்டுங்க."

துரையின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். கண் கடைசிக் குவளைக்குப் போனது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்துவதற்காக இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"நாளைக்கு எவ்வளவு கஞ்சி வேணும்?"

இரவெல்லாம் பெய்த மழை ஓடையைக் கழுவிவிட்டது. குளத்தைத் திறந்துவிட்டு மறுபடி நிரப்பினோம். சனிக்கிழமை காலையில் பெரிய துரை வந்தபோது அக்கா கொட்டகைக்குப் பின்னால் பெரிய பானையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். நாங்கள் அதைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, தொட்டித் தலைப்பில் சொட்டவிட்டோம். நுரை மஞ்சளாக வந்தது. பெரிய துரை அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். விரல் கறுக்கவில்லை. என்ன மருந்து என்று ஆங்கிலத்தில் கேட்டார். மருந்தையா தொண்டையைச் செருமிக்கொண்டு, மாவுச்சத்து என்றார். எந்தக் கம்பெனிச் சரக்கு என்று அடுத்த கேள்வி வந்தது. எங்கள் துரை ஜன்னல் வழியாகப் பானையைக் காட்டினார்.

கொட்டகையை மூடவில்லை. விழா எடுக்கவுமில்லை, சம்பளம் கூடவுமில்லை. இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச காலம் பல வருடம் ஓடியது. கோயில் இருந்த இடத்திலேயே இருந்தது. மிச்சக் கூழை விடுவதற்கு மட்டும் குளத்துக்குக் கீழ்ப்பக்கம் துரை ஒரு சின்னப் படித்துறை கட்டிக் கொடுத்தார், அதுவும் ஓடுகிற தண்ணீர்தான் என்று அக்கா ஒத்துக்கொண்டார். நுரை வழிக்கும் வேலையோடு கஞ்சி காய்ச்சும் வேலையும் அவருக்கானது. கட்டி தட்டாமல் காய்ச்சுவார், தண்ணீர் அளவு மாறவிடமாட்டார், துரையே வந்து பேச்சுக் கொடுத்தாலும் கிண்டுவதை நிறுத்தமாட்டார்.

ஒரு நாள் காலையில் டெங்கில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போகும் லோரி எங்கள் கொட்டகை வாசலில் நின்றது. முத்து குதித்து இறங்கினான். அவன் டிரங்குப் பெட்டியும் பாயும் லோரியிலேயே இருந்தன. லோரி கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்று டிரைவர் கத்தினான்.

அக்கா அன்றுதான் முதல்முறையாகக் கிண்டுவதை நிறுத்தினார். தம்பியைப் பானைக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார வைத்தார். முந்தின இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அவன் சொன்னான். அக்கா பானையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அது கொட்டகையின் மருந்து, அன்றைக்கு வேண்டியது அளவாக அவ்வளவுதான் இருந்தது. நான் உள்ளே போய் உப்புச் சிரட்டையை எடுத்து வந்து கொடுத்தேன். இரண்டு கரண்டி எடுத்துத் தகரக் குவளையில் ஊற்றி, உப்புப் போட்டு, ஊதி ஊதிக் கொடுத்தார். அவன் குடித்து முடிக்கும்வரை தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ஊர்ல கேட்டா என்னாக்கா சொல்றது?"

"நான் இங்க நல்லா இருக்கேன்னு சொல்லு. வேல இருக்குன்னு சொல்லு."

லோரி போனது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அகப்பையை எடுத்தார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "பேச்சு குடுக்காதீங்க தம்பி, கட்டி தட்டிடும்" என்றார்.

அன்று தொட்டிக்கு இரண்டு கரண்டி கஞ்சி குறைவாகத்தான் போயிற்று. மாலைவாக்கில் நுரை கொஞ்சம் கறுத்து வந்தது. மருந்தையா வந்து குனிந்து பார்த்தார், பிறகு வாசலில் லோரி விட்டுப்போன சக்கரத் தடத்தைப் பார்த்தார். ஏன் கறுத்தது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. குழாயை யாரும் தொடவில்லை.